ஆபீசுக்கு ஒரு வயசு

17 நவம்பர் 1985, ஞாயிறு

இன்று பதினொரு படிவம்! பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசல் மேசையில் உட்கார்ந்தவள், பசி காதை அடைத்த பிறகுதான் எழுந்தேன். அடையாள அட்டை ஐசிக்கு மூன்று, வேலையில் அடிபட்டவர்களின் சொக்சோ நஷ்டஈட்டுக்கு இரண்டு, பள்ளிக்கூடத்து இரவல் புத்தகத்துக்கு ஐந்து, கல்யாணப் பதிவு ஒன்று. விரல் வலிக்கிறது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. அதை ஏன் மறைக்க வேண்டும், இது என் நோட்டுதானே.

பினாங்கில் பட்டம் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. அரசாங்கத்தில் ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கோலா சிலாங்கூரில் கிஃபாயத்துல்லா முதலாளியின் மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதம் இருநூற்றெண்பது வெள்ளி. "பி.ஏ. படிச்ச புள்ள கணக்கு எழுதுற கடை இந்தக் கோலாவுலயே நம்ம கடை ஒண்ணுதாம்மா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இராஜம்மா பெரியம்மாவின் புது ஐசி வந்துவிட்டது. எங்கள் தோட்டத்து லயத்தில் நான்காவது வீடு. புருஷன் போன பிறகு ஒன்பது வருஷமாகத் தனியாள். ஒரே மகன் சேது கோலாலம்பூரில் லோரி ஓட்டுகிறான். தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டி வெட்டிப் பெரியம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இ.பி.எப் சேமிப்பை ஐம்பத்தைந்து வயதில்தான் எடுக்கலாம். பழைய ஐசிப்படி பெரியம்மாவுக்கு ஐம்பத்திரண்டு. எந்தக் காலத்திலோ யாரோ ஆளைப் பார்த்து உத்தேசமாகப் போட்ட வருஷம் அது. உண்மையில் ஐம்பத்தேழு!

ஆகஸ்டில் மூன்று பஸ் மாறி இருவரும் கோலா குபு பாருவுக்குப் போனதை மறக்க முடியாது. பெரியம்மா பிறந்தது அம்பாங் பெச்சா பக்கத்துத் தோட்டம் ஒன்றில். பழைய ஊரையே ஒரு காலத்தில் வெள்ளம் கொண்டுபோனதாகச் சொல்வார்கள்; பிறப்புப் பதிவேடு மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது. 1928 என்று பதிவு ஆபீஸ் எழுத்தர் விரலை வைத்துக் காட்டினார். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல எங்கப்பன் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டு, அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் கண்டுபிடித்தது. நான்!

19 நவம்பர், செவ்வாய்

கடைக்குப் போகும் வழியில் தோட்ட ஆபீசில் நுழைந்து, பெரியம்மாவின் புது ஐசி நகலை ஆபீஸ் எழுத்தர் ரெங்கசாமி கிராணியிடம் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. ஆபீஸ் பதிவேட்டில் பழைய வருஷமே இருந்தால் பின்னால் குழப்பம் வரும் என்று நானாகத்தான் கொண்டுபோனேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நான் எழுதித்தான் ஆகணுமா பாப்பா?"

"ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்ல ஐயா?"

"இருக்கணும், இருக்கணும்" என்று மேசை இழுப்பறையில் போட்டார். "இப்பவே எழுதிடுங்க ஐயா, மறந்துடுவீங்க" என்று நகராமல் நின்றேன். எழுதினார். ஐந்து நிமிஷ வேலை, அதற்கு இவ்வளவு சோம்பல். இப்படி ஆட்கள் இருக்கும்வரை எட்டாங்கட்டைத் தோட்டத்துச் சனம் எங்கே முன்னேறப் போகிறது?

30 நவம்பர், சனி

மெட்ராஸ் கல்லூரியிலிருந்து தடித்த உறை. சமூகப்பணி முதுகலை, இரண்டு வருஷம். பாடத் தலைப்புகளைப் படிக்கப் படிக்கத் தலை கால் புரியவில்லை. குடும்பங்களோடு வேலை செய்வது, தொழிலாளர் நலம், வாரம் இரண்டு நாள் களப்பணி. நான் கோயில் வாசலில் தட்டுத் தடுமாறிச் செய்வதற்கு ஒரு படிப்பே இருக்கிறது!

முதல் வருஷப் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் இரண்டையும் மொத்தமாகக் கட்டினால்தான் இடம் உறுதி. விமான டிக்கெட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி. கப்பல் ஓடிய காலமென்றால் குறைந்திருக்கும். என்னிடம் ஆயிரத்து நூற்றைம்பது இருக்கிறது. மே மாதம் கூட்டு என் முறை. அம்மா நடத்தும் கூட்டில் இருபது பெண்கள் மாதம் ஐம்பது போட்டு, மாதம் ஒருத்தியாக ஆயிரத்தையும் எடுத்துக்கொள்கிறோம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மே, பெரியம்மாவுக்கு நவம்பர். கடையில் மிச்சம் பிடித்தால் எட்டிவிடலாம். எட்டியே தீருவேன்.

அப்பாவிடம் சொன்னேன். தோட்டத்து லோரி ஓட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர் யோசித்தார். "சோசியல் வொர்க்குன்னா என்னம்மா? கோயில் வாசல்ல நீ எழுதுறியே, அதுவா? அதுக்கு எதுக்கு மெட்ராஸ்?"

உறையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

27 டிசம்பர், வெள்ளி

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை வேண்டுமாம். "நீங்கள் உதவிய ஒருவரைப் பற்றியும், அந்த உதவியால் அவருக்கு நேர்ந்ததைப் பற்றியும் எழுதுக." என்ன கொடுப்பினை! எனக்காகவே கேட்டது போல இருக்கிறது. மூன்று பஸ், பதிவேடு, அப்பன் பேரைத் தொட்டுப் பார்த்தது, எல்லாவற்றையும் எழுதினேன். "இன்று அந்தப் பெண்மணியின் முதுமை பாதுகாப்பாக இருக்கிறது" என்று முடித்தேன். ஆங்கிலத்தில் அது இன்னும் கம்பீரமாக இருந்தது. இரண்டு தடவை படித்து நானே ரசித்தேன்.

9 ஜனவரி 1986, வியாழன்

விண்ணப்பத்தை அஞ்சலில் சேர்த்தாயிற்று. பங்குச் சாமியாரின் கடிதமும் முதலாளியின் கடிதமும் உள்ளே. முதலாளியின் ஆங்கிலத்தை நானே எழுதி நானே தட்டச்சு செய்தேன், அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இவ்வளவு நல்லவளா நீ?" என்றார்.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு சந்தோஷம். பெரியம்மாவின் இ.பி.எப் காசோலை வந்திருக்கிறது. நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒன் கையி பொன்னுடி பாப்பா" என்று என் விரலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேலைக்கும் போகலாம், சேமிப்பும் கையில் இருக்கும். பிறகென்ன குறை?

16 பிப்ரவரி, ஞாயிறு

சேது வந்தான். மூன்று வருஷம் கழித்துத் தாய் ஞாபகம். சொந்த லோரிக்கு முன்பணம் என்று மூவாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டு மாலை பஸ்ஸிலேயே போய்விட்டான்.

"ஏன் பெரியம்மா குடுத்தீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"எம் புள்ளடி. கேட்டா இல்லேன்னு சொல்ல வாயி வருமா? மாசாமாசம் அனுப்புறேன்னிருக்கான்."

அனுப்புவான், அனுப்புவான். சரி, வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

3 மார்ச், திங்கள்

பெரியம்மாவுக்கு ஆபீசிலிருந்து கடிதம். என்னிடம்தான் படிக்கக் கொண்டுவந்தார். நான்தான் வாய்விட்டுப் படித்தேன்.

ஐம்பத்தைந்து வயது கடந்துவிட்டதால் இம்மாதத்தோடு வேலை ஓய்வு. மே 31-க்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும்.

படித்து முடித்து மடித்தேன். பெரியம்மா அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனார்.

4 மார்ச், செவ்வாய்

கடைக்குப் போகவில்லை. காலையில் பெரியம்மா வாசலில் வந்து நின்றார். பக்கத்து வீட்டார் எல்லாம் கேட்கும்படிதான் பேசினார்.

"கவர்மெண்டுக்கு வயசைத் தெறந்து காட்டுனா காசு வரும்னுதானடி ஒங்கூட வந்தேன்? ஆபீசுல போயிக் குடுக்கச் சொல்லி ஒங்கிட்ட யாரு கேட்டா? நான் கேட்டேனா? கிராணி கேட்டானா? அவனே வேணாம்னு இழுப்பறையில போட்டானாமே, நின்னு எழுத வச்சியாமே! ஒன்ன நம்பிக் கைநாட்டு வச்சேன் பாரு, எம்புத்தி எங்கடி போச்சு?"

என்ன சொல்ல? சட்டம்னா? ஒரே மாதிரி இருக்கணும்னா? ஐயோ, நின்னேனே, அந்த மேசைக்கு முன்னாடி காலை ஊனிக்கிட்டு நின்னேனே —

அப்பா வந்ததும் கேட்டேன். அவர் தலையைத் துவட்டியபடி சாதாரணமாகச் சொன்னார். "தோட்டத்துல எல்லாருக்கும் ரெண்டு வயசும்மா. பெத்தவ சொன்னது ஒண்ணு. ஆபீசுக்கு ஒண்ணு. ஆபீசு வயசு இருக்குற வரைக்கும் வேலை, வேலை இருக்குற வரைக்கும் வீடு. இது பச்சப் புள்ளைக்கும் தெரியும்லா."

"எனக்குத் தெரியலியேப்பா. நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலியேம்மா. ஆபீசுல குடுப்பேன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

இதே லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பினாங்கு விடுதியில் மூன்று வருஷம் படுத்து எழுந்ததில் இது மட்டும் எப்படி மறந்துபோனது? மறந்ததா, இல்லை எனக்கு எப்போதுமே தெரியாதா? அப்பா விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் நான் விளக்கடியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். "நீ படி, ஒனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று வீட்டில் எல்லாவற்றையும் என் காதுக்கு எட்டாமல் வைத்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் கெட்டது இன்னொருத்தி.

20 மார்ச், வியாழன்

மேனேஜரைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் கஷ்டம். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், இவருக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்கு இன்னும் பத்துப் பேர் வருவார்கள் என்றார். பதிவேட்டைப் பழையபடி மாற்ற முடியுமா என்று கேட்டேன். "படித்த பெண், நீங்களே கொண்டுவந்த ஐசி" என்று புன்னகைத்தார். வெளியே வரும்போது ரெங்கசாமி கிராணி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். அன்றைக்குச் சோம்பேறி என்று நினைத்தேனே அந்த மனிதரை.

கடையில் முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கணக்குப் புத்தகத்தை மூடினார். "நீ எதையும் தப்பா எழுதலம்மா. எல்லாத்தையும் சரியா எழுதிப்புட்டே. அதான் வினை."

2 ஏப்ரல், புதன்

பெரியம்மா குழாயடியில் என்னைப் பார்த்ததும் பாதி நிறைந்த வாளியோடு போய்விடுகிறார். சேதுவிடமிருந்து ஒரு காசும் வரவில்லை.

17 ஏப்ரல், வியாழன்

இடம் கிடைத்துவிட்டது.

மே 20-க்குள் பணம் கட்டினால் ஜூலையில் வகுப்பு. கடிதத்தின் கடைசியில் துறைத் தலைவி தன் கையாலேயே இரண்டு வரி எழுதியிருக்கிறார்: "உங்கள் கட்டுரை எங்கள் எல்லோரையும் தொட்டது. அந்தப் பெண்மணி நலமாக இருக்கிறார் என நம்புகிறேன்."

அம்மா ஓடிப்போய் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினார். நான் கடிதத்தை நோட்டுக்குள் செருகிவிட்டுப் படுத்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பிட்ட கருவாடு ஆகவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

18 ஏப்ரல், வெள்ளி

நலமாக இருக்கிறாரா என்று கேட்கிறார்கள்.

26 ஏப்ரல், சனி

முதலாளி கடைக்குப் பின்னால் ஒரு பலகை வீடு சும்மா கிடக்கிறது. கூரைத் தகரம் ஓட்டை, தரை பெயர்ந்திருக்கிறது, மின்சாரம் இல்லை. சரி செய்துகொண்டால் மாதம் முப்பது வாடகைக்கு விடுவாராம். பெரியம்மா வந்தால் கடையில் வெங்காயம் உரிக்கவும் மிளகாய் ஆயவும் ஆள் வேண்டும், உட்கார்ந்த இடத்து வேலைதான், மாதம் நூற்றிருபது தரலாம் என்கிறார். வீட்டைச் சரி செய்ய எண்ணூறு தொள்ளாயிரம் ஆகும். சேதுவுக்குக் கொடுத்தது போகப் பெரியம்மாவிடம் மிஞ்சியது சாப்பாட்டுக்கே கரைகிறது; அவ்வளவு பணம் யாரிடம் இருக்கிறது?

யாரிடம் என்று எனக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

2 மே, வெள்ளி

அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் இப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை.

"கூட்டுப் பணத்தை இராஜம்மாவுக்கு விட்டுக் குடுக்கலாமான்னு நீ யோசிக்கிறே. ஒங்கம்மா சொன்னா. அப்ப மெட்ராசு?"

நான் பாய் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் ஆபீசு வயசு அம்பத்தொண்ணும்மா. உள்ளபடிக்கு அம்பத்தாறு. எனக்கும் எங்கயாச்சும் பொறந்த கடுதாசி இருக்கும். நீ போயித் தேடிக் கண்டுபிடி. எட்டாயிரம் பத்தாயிரம் வரும். நீ போயிட்டு வா."

அம்மாவுக்கு ஆஸ்துமா, தோட்டத்து வேலைப் பதிவேட்டில் அவருக்குப் பேர் இல்லை. பெரியம்மா விஷயத்துக்குப் பிறகு ஐசியை மாற்றினால் ஆபீசுக்குத் தெரியாமல் போகாது; அப்பாவின் வேலை போனால் இந்த வீடு போகும். அதைத் தெரிந்துகொண்டேதான் சொல்கிறார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஏதோ பழைய சைக்கிளை விற்கச் சொல்வது போல. போன வருஷம் என்றால் நான் மறுநாளே பஸ் ஏறியிருப்பேன், சத்தியமாக. சந்தோஷமாக ஏறியிருப்பேன்.

"ஒங்க வயசு ஒங்ககிட்டயே இருக்கட்டும்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவருக்கும்தான், ஆனால் புகை என்று அடுப்பைத் திட்டினார்.

4 மே, ஞாயிறு

எங்கள் வீட்டில் கூட்டு. ஆயிரம் வெள்ளியை அம்மா எண்ணி என் முன்னால் வைத்தார். என் மே மாத முறையை இராஜம்மா பெரியம்மாவுக்கு மாற்றிக்கொள்கிறேன், அவருடைய நவம்பரை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஒரே கசமுசா. வேலை போனவளுக்கு முன்னாலேயே கொடுத்தால் பாக்கி மாதங்களை யார் கட்டுவது என்று ஒருத்தி கேட்டாள். கேட்டதில் தப்பில்லை, அவளுடைய ஐம்பது வெள்ளியும் அதில் இருக்கிறது. "அவ கட்டலேன்னா நான் கட்டுறேன். இந்த மாடில்டா என்னிக்காச்சும் வாக்கு மாறியிருக்காளா?" என்று அம்மா ஒரு போடு போட்டார். அதோடு அடங்கியது.

பெரியம்மா பணத்தை எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம்னு குடுக்குறியா?"

"இல்ல பெரியம்மா. முறை மாத்திக்கிறேன். நவம்பர்ல ஒங்க முறை எனக்கு வேணும்."

பெரியம்மா பணத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. நான் எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்தேன்தான். அதுவும் போகட்டும்.

6 மே, செவ்வாய்

மெட்ராசுக்கு எழுதிவிட்டேன். இந்த வருஷம் பணம் கட்ட முடியாது என்பது ஒரு வரி. மீதி இரண்டு பக்கம், கட்டுரையின் உண்மையான முடிவு. நான் கேட்காமல் விட்டது என்ன, கேட்காமலே கொடுத்தது என்ன, அதனால் யாருக்கு என்ன ஆனது. "அந்தப் பெண்மணி நலமாக இல்லை. மே 31-ல் வீட்டைக் காலி செய்கிறார்" என்று முடித்தேன். கம்பீரமெல்லாம் ஒன்றும் இல்லை.

எழுதும் முன்பு பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். முதல் தடவை கேட்காமல் எழுதினேனே. "என்னத்தையோ எழுது, எல்லாந்தான் எழுதிட்டியே" என்று முறத்தைத் தட்டினார்.

இனி இடம் தருவார்களா? தரமாட்டார்கள். பொய் எழுதி இடம் வாங்கியவள் என்றுதானே நினைப்பார்கள். நினைக்கட்டும். ஐயோ, நினைக்கட்டும் என்று எழுதிவிட்டேனே தவிர நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

31 மே, சனி

அப்பா லோரியில் சாமான்களை ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார். ஒரு நடை போதும், அவ்வளவுதான் சாமான். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பெரியம்மாவே ஆபீசுக்குக் கொண்டுபோனார். யாரையும் கூட வர வேண்டாம் என்றுவிட்டார். பலகை வீட்டில் புதுத் தகரம் பளபளக்கிறது. "வெயிலு இறங்கும்" என்று முதல் குறை. "தண்ணி உப்புக் கரிக்குது" என்று இரண்டாவது. சாயங்காலத்துக்குள் பதினைந்து குறை சொல்லியிருப்பார். முதலாளி என்னிடம் ரகசியமாக, "கொறை சொல்ற ஆளு பொழச்சுக்கும், பயப்படாதே" என்றார்.

21 ஆகஸ்ட், வியாழன்

மெட்ராசிலிருந்து கடிதம். மத்தியானம்வரை பிரிக்கவில்லை, மிளகாய் மூட்டைமேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே கணக்கு எழுதியதில் இரண்டு கூட்டல் தப்பு.

இடத்தை ஒரு வருஷம் ஒதுக்கி வைக்கிறார்களாம். கட்டுரைகள் இரண்டையும் என் கோப்பில் சேர்த்திருக்கிறார்கள். முதலாவதைத் திருப்பித் தரும்படி கேட்க நினைத்தால் கேட்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறது. எப்படித் தெரிந்தது அந்தத் துறைத் தலைவி அம்மாவுக்கு? கேட்கத்தான் இருந்தேன்.

2 நவம்பர், ஞாயிறு

கூட்டு என் கைக்கு வந்தது. பெரியம்மா இதுவரை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஐம்பதைக் கொண்டுவந்து அம்மா கையில் வைக்கும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி, "எண்ணிக்கச் சொல்லு" என்கிறார்.

14 மார்ச் 1987, சனி

படிப்புக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்களாம் மெட்ராசில். மொத்தமாகக் கட்டினால் டிக்கெட்டுக்குக் காசில்லை. டிக்கெட் எடுத்தால் ஹாஸ்டலுக்கு இல்லை. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

முதலாளி எதிரே வந்து உட்கார்ந்தார். "மெட்ராஸ் மண்ணடியில என் தம்பி உதுமான் கடை வச்சிருக்கான் தெரியும்ல? ஹாஸ்டல் பணத்தை மாசாமாசம் அவன் கட்டுவான். இங்க ஒங்கப்பா எங்கிட்ட தொண்ணூறு வெள்ளி குடுத்துட்டா கணக்கு நேர்."

"அப்பா தொண்ணூறுக்கு எங்க போவாரு முதலாளி?"

"ஞாயித்துக்கெழமை என் லோரியைக் கிள்ளானுக்கு ஓட்டச் சொல்லு. சரக்கு ஏத்திட்டு வரட்டும். தருமமில்லலா, ஏவாரம்."

கல்லூரிக்கு எழுதிக் கேட்டேன், மாதாமாதம் ஹாஸ்டல் பணம் கட்டலாமா என்று. கேட்க இவ்வளவு நாள் ஏன் தோன்றவில்லை? இதையும் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

9 ஏப்ரல், வியாழன்

கட்டலாமாம்! அப்பாவுக்கு இனி ஞாயிறு பூசை கிடையாது என்பதில்தான் அம்மாவுக்கு வருத்தம். "சனி சாயங்காலப் பூசைக்குப் போறேன், ஆண்டவருக்குக் கெழமை தெரியாதா?" என்கிறார் அப்பா.

21 ஜூன், ஞாயிறு

நாளை விமானம். பெரியம்மாவிடம் சொல்லிக்கொள்ளக் கோலாவுக்குப் போனேன். வெங்காயத் தோலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை, முட்டி. ஒரு பொட்டலம் நீட்டினார், மிளகாய்த்தூள். அந்த ஊர்ச் சோறு சப்பென்று இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னும் கோவமா பெரியம்மா?"

"கோவந்தான். அதுக்காக நீ பட்டினி கெடக்கணுமா?" தோலை ஊதித் தள்ளினார். "அங்க போயி எவ வயசையும் திருத்திப்புடாதடி."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்குக் கண் எரிந்தது. வெங்காயம் என்று சொல்ல நல்ல வசதி.

23 ஜூலை 1987, வியாழன், மெட்ராஸ்

முதல் களப்பணி. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு குடியிருப்பு. முதியோர் பென்ஷன் படிவங்களைக் கட்டாகக் கொடுத்து, ஆளுக்குப் பத்தாவது நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்கள். கூடப் படிக்கிறவர்கள் சுறுசுறுப்பாக மரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

என்னிடம் வந்தவர் சன்னாசி என்று ஒருவர். பல் எல்லாம் போய்விட்டது. "அறுவத்தஞ்சுன்னு போட்டுக் குடும்மா. நெசமாவே அறுவத்தஞ்சுதான். டாக்டராண்ட சர்ட்டிபிகேட்கூட வாங்கிக்கினேன்" என்றார். எல்லாம் சரியாக இருந்தது. பேனாவைத் திறந்தேன். பெயர் என்ற கட்டம். எழுதவில்லை.

"எங்க தங்கியிருக்கீங்க ஐயா?"

"மரக்கடையிலதாம்மா. ராவுக்குக் காவல். நானும் சம்சாரமும் அங்கியே கொட்டாய்ல பட்த்துக்கினு கெடக்கிறோம்."

"மரக்கடை முதலாளிக்கு ஒங்க வயசு தெரியுமா?"

அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவராண்ட அம்பதுன்னு சொல்லிக்கிறேன்."

பேனாவை மூடினேன். அவருடைய சம்சாரத்தையும் கூட்டி வரச் சொன்னேன். மூன்று பேரும் சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தோம். பென்ஷன் எவ்வளவு, கொட்டகை போனால் எங்கே போவது, மருமகன் வீட்டில் இடம் இருக்கிறதா, இந்தப் படிவம் யார் யார் கைக்குப் போகும், எனக்குத் தெரியாததை யாரிடம் கேட்பது. அடுத்த வியாழன் மறுபடியும் வருகிறேன் என்றேன்.

திரும்பி வந்ததும் மேற்பார்வையாளர் எத்தனை என்று கேட்டார். மற்றவர்கள் பத்து, பன்னிரண்டு என்று அடுக்கினார்கள்.

நான் இன்று ஒரு படிவமும் நிரப்பவில்லை.